ஏசி அறையில் நன்றாக ஓடும் கேமரா

நேயர்களுக்கு வணக்கம். நான் குடியாத்தத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று பழைய வட ஆற்காடு முழுக்க கேமராவோடு சுற்றுகிறவன். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய கேமராவில் பிறவியிலேயே கோளாறு இருந்தால், அதைச் செய்த கம்பெனி வாங்கியவரை எப்படி நடத்துகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தொழிலுக்கு ஆகிற கேமரா பாடி மட்டுமே ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் ஆகிவிடுகிறது. லென்ஸ் தனி, ஃபிளாஷ் தனி. எங்கள் பக்கத்தில் ரொக்கமாகக் கொடுத்து வாங்குகிறவர் குறைவு. மாதத் தவணை கட்டுவார்கள், இல்லாவிட்டால் வீட்டு நகை அடகுக்குப் போகும். வைகாசியிலும் ஆவணியிலும் ஓடி உழைத்துத்தான் அந்தக் கடன் அடையும். கேமரா ஒரு முகூர்த்த மாதம் சர்வீஸ் சென்டரில் கிடந்தால், அந்த வருடக் கணக்கே புரண்டுவிடும்.

என் கேமராவில் வந்த கோளாறு இது. வெயில் ஏறிய பிறகு, தொடர்ந்து படம் எடுத்தால் ஷட்டர், அதாவது படமெடுக்கும்போது உள்ளே திறந்து மூடுகிற கதவு, நின்றுவிடும். திரையில் எரர் வரும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நிற்கும். லென்ஸை மாற்றிப் பார்த்தேன், கார்டை மாற்றிப் பார்த்தேன், பேட்டரியும் புதிது போட்டேன். கோளாறு பாடியில்தான்.

வேலூர் வெயிலை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி, அக்னி நட்சத்திரக் காலத்தில் வருகிறது. அம்மன் சிரசு கூட்டத்துக்கு நடுவே நகர்ந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் நில்லுங்கள் என்று யாரிடம் கேட்பது? தாலி கட்டுகிற நேரமும் அப்படித்தான். கெட்டிமேளம் கொட்டி, அட்சதை விழுந்து முடிகிற அந்தச் சில நொடிகள் போனால் போனதுதான். ஆல்பத்தைப் புரட்டிய பெண்ணின் அப்பா, "அந்தப் படம் எங்கேப்பா?" என்று என்னிடம்தான் கேட்பார். கம்பெனியிடம் போய்க் கேட்கமாட்டார்.

சரி, காட்பாடியில் ரயிலேறி சென்னைக்குப் போய் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். சில வாரம் கழித்துத் திரும்பி வந்தது. பழுது எதுவும் காணப்படவில்லை என்று ஜாப் ஷீட்டில், அதாவது புகாரையும் செய்த வேலையையும் குறித்துத் தருகிற தாளில், எழுதியிருந்தார்கள். ஏசி அறையில், மேசைமேல் வைத்து நாலு படம் எடுத்துப் பார்த்தால் அது நன்றாகத்தான் ஓடும். வெயிலில் வைத்து, தொடர்ந்து எடுத்துப் பாருங்கள் என்று நான் எழுதிக் கொடுத்ததை யாரும் படித்ததாகவே தெரியவில்லை. அடுத்த முறை போனபோது, கீழே விழுந்திருக்கும் என்றார்கள். அதற்கடுத்து, ஷட்டர் நிறைய ஓடியிருக்கும் என்றார்கள். இந்த வகைக் கேமராக்களின் ஷட்டர் ஒன்றரை லட்சம் படம் வரைக்கும், உயர்ந்த மாடல்களில் 4 லட்சம் வரைக்கும் சோதித்தது என்று கம்பெனிகளே விளம்பரம் செய்கின்றன. ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் படம் எடுப்போம். என்னுடையது அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என்னை மிகவும் வருத்தியது ஒரு பதில்: "சார், இப்படி வேறு யாருமே கம்ப்ளெயின்ட் பண்ணதில்லையே."

அந்தப் பதிலோடு ஊருக்குத் திரும்பினேன். அப்புறம் ஒரு கல்யாணத்தில் ஆம்பூர் நண்பர் ஒருவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது தெரிந்தது, அவரிடமும் அதே மாடல், அதே எரர். ஆற்காட்டில் இன்னொருவர். மூன்று பேருக்கும் சொல்லப்பட்ட பதில் ஒன்றே, வேறு யாரும் சொன்னதில்லை என்று. எங்கள் மூவருடைய ஜாப் ஷீட்டும் ஒரே கம்பெனியின் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது? எந்த மாடல், எந்த சீரியல் எண், என்ன புகார் என்று நாடு முழுவதற்குமான கணக்கு அவர்கள் கையில் இருக்கிறது. எங்களிடம் அது இல்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் இருக்கும்வரை ஒவ்வொருவரும் தன் கையில்தான் குறை என்று நினைத்துக்கொள்வோம். கவுன்டரில் இருக்கிற பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மேலிடத்தில் சொல்லிக்கொடுத்ததை அவர் சொல்கிறார். அப்படிச் சொல்லச் சொன்னவர்கள்மேல்தான் கோபம்.

என் கேமராவின் கம்பெனி எது என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் உலகமறிந்த சில சம்பவங்களைப் பெயரோடு சொல்லலாம், ஏனென்றால் அந்தக் கம்பெனிகளே பின்னால் வெளிப்படையாக அறிவித்தவை அவை.

2007இல் கேனான் இஓஎஸ் 1டி மார்க் 3 வந்தது. நொடிக்கு 10 படம் எடுக்கும். விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுப்பவர்கள் நம்பி வாங்கிய கேமரா. ஓடிவருகிற ஆள்மேல் ஃபோகஸ் நிற்கவில்லை, வெயிலில் இன்னும் மோசம் என்று வாங்கியவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். மாதங்கள் போயின. அந்த வருடக் கடைசி வாக்கில்தான், கடுமையான வெப்பத்தில் உள்ளே இருக்கிற சப் மிரர் என்ற சின்னக் கண்ணாடிப் பகுதியால் ஃபோகஸ் தடுமாறக்கூடும் என்று கேனான் அறிவித்து, எந்த சீரியல் எண்கள் என்றும் சொல்லி, இலவசமாகச் சரிசெய்தது. வெயிலில் மட்டும் வருகிற கோளாறு என்பது கட்டுக்கதை இல்லை என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

நிகான் டி600 கதை இன்னும் நீளம். 2012 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. எடுக்கிற படங்களில், முக்கியமாக இடது மேல் மூலையில், புள்ளி புள்ளியாக விழுந்தது. வானமோ வெள்ளைச் சுவரோ பின்னால் இருந்து, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழைகிற துவாரத்தை, சுருக்கி எஃப் 16 போல வைத்து எடுத்தால் பளிச்சென்று தெரியும். சென்சாரை, அதாவது உள்ளே படம் பதிகிற தகட்டை, துடைத்துக் கொடுத்தாலும் புள்ளிகள் திரும்பத் திரும்ப வந்தன. 2013 பிப்ரவரியில் கம்பெனி சொன்னது, ஊதிச் சுத்தம் செய்யுங்கள், போகாவிட்டால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வாருங்கள் என்று. அதே வருடம் அக்டோபரில் புது ஷட்டரோடு டி610 என்று அடுத்த மாடலைக் கொண்டுவந்தார்கள். டி600 வாங்கியவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? வாரண்டி முடிந்திருந்தாலும் ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவோம் என்ற அறிவிப்பு 2014 பிப்ரவரியில்தான் வந்தது. அடுத்த மாதம், நுகர்வோர் உரிமை நாளான மார்ச் 15 அன்று, சீன அரசுத் தொலைக்காட்சி இதை நாடறியச் சொன்னது. ஷாங்காய் அதிகாரிகள் டி600 விற்பனையை நிறுத்த உத்தரவிட்டார்கள்.

லைகா எம்9 கேமராவில் சென்சார்மேல் இருக்கிற கண்ணாடி அரித்துப்போனபோது, வாங்கி எத்தனை வருடமாகியிருந்தாலும் மாற்றித் தருவோம் என்று 2014இல் அறிவித்தார்கள். மாற்று சென்சார் தயாராகிவர நாளானது. ஆனாலும் குறை தங்கள் பொருளில்தான் என்று எழுத்தில் சொன்னார்களே, அதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு முதலில் வேண்டியது. கேமரா சரியாகிற வரைக்கும் ஒரு மாற்று பாடி கொடுத்தால் அதற்குமேல் நான் எதுவும் கேட்கமாட்டேன். கல்யாண ஆர்டரை ஒத்திவைக்க முடியாதே.

இப்போது சட்டம். நீங்கள் தொழிலுக்குத்தானே வாங்கினீர்கள், அதனால் நுகர்வோர் என்று வழக்குப் போட முடியாது என்று எங்களில் பலரைப் பயமுறுத்துகிறார்கள். இதை நம்பாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்துகிற பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. 1995இல் உச்ச நீதிமன்றம் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில், அது கோவை பிஎஸ்ஜி நிறுவனத்திடம் வாங்கிய இயந்திரம் பற்றிய வழக்கு, இதைத் தெளிவாகச் சொன்னது. டைப்ரைட்டர் வாங்கித் தானே தட்டச்சு செய்து சம்பாதிப்பவரும், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவரும் நுகர்வோர்தான். உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. லைட் பிடிக்க ஒரு தம்பியை வைத்திருக்கிற போட்டோகிராபருக்கும் இது பொருந்தும். ஆனால் புகார் மனுவில், சுயதொழிலாக என் பிழைப்புக்கு வாங்கினேன் என்று மறக்காமல் எழுத வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும்.

கேமராவைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், கம்பெனி டெல்லியில் இருந்தாலும், குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். இது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அதைக் கவனியுங்கள். கண்ணால் பார்த்துத் தெரியாத பழுதாக இருந்தால், பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வழக்குக்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

ஆதாரம் சேர்ப்பது நம் கையில் இருக்கிறது. எரர் வந்த உடனே கேமராத் திரையை செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். நாள், நேரம், வெயிலா நிழலா, எந்த லென்ஸ் என்று குறித்து வையுங்கள். சர்வீஸ் சென்டரில் கொடுக்கும்போது உங்கள் புகாரை நீங்கள் சொன்னபடியே ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். சுருக்கி எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். முடியாது என்று அவர்கள் வாயால் சொன்னதை மெயிலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரே குறை பலருக்கு இருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லாருக்காகவும் சேர்த்து ஒரே புகாராகக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்காகத்தான் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறோம். வெயிலில் ஷட்டர் நிற்கிற அனுபவம் உள்ள போட்டோகிராபர்கள், எந்த மாடலாக இருந்தாலும் சரி, பில், வாரண்டி கார்டு, ஜாப் ஷீட் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் போட்டோகிராபர் சங்கத்தில் கொடுங்கள். மாடல் வாரியாகப் பிரித்து வைக்கிறோம். ஆம்பூர், ஆற்காடு நண்பர்களுடைய ஷீட்டுகளும் என்னுடையதும் ஏற்கெனவே ஒரே ஃபைலில் இருக்கின்றன. வணக்கம்.