ஷட்டர் ரிமோட் காத்துல என்ன சொல்லுது?

வணக்கமுங்க. திருப்பூர்ல குடோன் ஷட்டர், கோயமுத்தூர்ல வீட்டு கேட், தோட்டத்துச் சாளையில உக்காந்தே கிணத்து மோட்டாரைப் போடுற ரிமோட். இதெல்லாம் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ்ல பேசும், சிலது 315-ல. நீங்க இப்பக் கேக்குற எஃப்.எம். 88-லிருந்து 108 வரைக்கும்தான். அதனால ரேடியோவுல அது காதுல விழாது. ஃபிளிப்பர் ஸீரோ மாதிரி கைக்கருவியில இருக்கிற சிசி1101 சிப் அதைப் புடிச்சிரும்.

முதல்ல அலைவரிசையைக் கண்டுபிடிக்கணும். அனலைசர் திரையைத் திறந்து, ரிமோட்டைப் பக்கத்துல வெச்சு பட்டனை அழுத்திப் புடிச்சா எண் வந்துரும். அப்புறம் கருவியில ஏஎம்650-ங்கிற அமைப்பை வெச்சு, சிக்னலைப் படிக்கிற ரீட் போடுங்க. இந்த இடத்துல ரிமோட்டை ஒட்டி வெக்கக்கூடாதுங்க. சிக்னல் மிஞ்சிப்போனா துடிப்புக்கு நடுவுல இருக்கிற இடைவெளி தூர்ந்து, கோடு கோடா வரவேண்டியது ஒரே திட்டா வரும். ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்க. எல்ஈடி டிரைவர், மோட்டார் வேகத்தை மாத்துற டிரைவ் பக்கத்துல ஓடுனாலும் இரைச்சல் கலந்துரும்.

திரையில சிக்னல் வகை பிரின்ஸ்டன், 24 பிட் (பூஜ்யம், ஒண்ணுன்னு 24 இலக்கம்)னு வந்தா, ரிமோட்டுக்குள்ள இருக்கிற சிப் பிடி2262 இல்லைன்னா இவி1527 வகை. அதுல ஒரு பங்கு நேரம் 350 மைக்ரோசெகண்டுன்னு வெச்சுக்குவோம். சிக்னல் 1 பங்கு இருந்து 3 பங்கு ஓய்ஞ்சா பூஜ்யம். 3 பங்கு இருந்து 1 பங்கு ஓய்ஞ்சா ஒண்ணு. இவி1527-ல ஆரம்ப அடையாளம் 1 பங்கு துடிப்பு, 31 பங்கு ஓய்வு. எல்லாஞ் சேர்த்து ஒரு தடவைக்கு 45 மில்லிசெகண்ட் ஆகும். பட்டனை அழுத்தியிருக்கிற வரைக்கும் அதையே திரும்பத் திரும்ப ஒப்பிக்கும்.

இப்ப நாலு பட்டனையும் ஒவ்வொண்ணா அழுத்திப் பாருங்க. 482791, 482792, 482794, 482798-னு கடைசி எழுத்து மட்டும் மாறுதா? இவி1527-தான். ஒரு எழுத்துக்கு 4 பிட். முதல் 20 பிட் ரிமோட்டோட அடையாளம், கடைசி 4 பிட் பட்டன். ஒரே பட்டனை எத்தனை தடவை அழுத்துனாலும் ஒரே எண் வந்தா, அதை ஒரு தடவை பதிவு பண்ணவன் எப்ப வேணும்னாலும் திறப்பான். குடோனுக்கு இது ஆகாது. ரிசீவர் போர்டையும் ரிமோட்டையும் ரோலிங் கோடுக்கு, அதாவது அழுத்துற ஒவ்வொரு தடவையும் எண் மாறுற வகைக்கு மாத்துங்க. அதுவரைக்கும் ஒரு திண்டுக்கல் பூட்டும் இருக்கட்டும்.

பிடி2262-ல வேற தொல்லை. ரிமோட்டோட அடையாளத்தைக் குறிக்கிற எட்டு அட்ரஸ் முனையை, ஒவ்வொண்ணா பிளஸ்லயோ மைனஸ்லயோ ஈயம் வெச்சுப் பத்தவெச்சா, இல்லைன்னா சும்மா விட்டா, 6561 விதம் வரும். பத்தவைக்காமயே மாட்டிட்டுப் போயிட்டாங்கன்னா, பக்கத்துத் தோட்டத்து ரிமோட்டுக்கு உங்க மோட்டார் ஓடும். தண்ணியில்லாக் கிணத்துல ஓடுனா சீல் போயிரும். ரிமோட், ரிசீவர் ரெண்டுலயும் ஒரே மாதிரி பத்தவைக்கணும்.

கீலாக் வகை ரோலிங் கோடுல 66 பிட் வரும். அதுல 32 பிட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறும். சோதிக்கிறேன்னு வாசலை விட்டு எட்டத்துல நின்னு இருபது, முப்பது தடவை அழுத்திட்டா, ரிசீவர் எண்ணிக்கை பின்தங்கி முதல் அழுத்தலுக்குத் திறக்காது. கேட் முன்னால நின்னு அடுத்தடுத்து ரெண்டு தடவை அழுத்துனா பெரும்பாலும் சேர்ந்துக்கும். பதிவு பண்ணதைக் கருவியிலிருந்து திருப்பி அனுப்பிப் பாக்காதீங்க, நெசமான ரிமோட்டே வேலை செய்யாமப் போகலாம். கார் சாவிகிட்டப் போகவே வேண்டாம்.

இது அத்தனையும் உங்க சொந்த ரிமோட்டுக்கு மட்டுமுங்க. அடுத்தவங்க கேட்டுக்கு இல்லை.