கடற்கரை வீட்டுக்கு ஃபைபர் கம்பி போடலாமா?

அடுத்த கேள்வி குளச்சல்ல இருந்து வந்திருக்கு. "கடல்ல இருந்து 300 மீட்டர்ல வீடு வைக்கிறோம். இரும்புக் கம்பி துருப்பிடிச்சுரும், ஃபைபர் கம்பி போடுங்க, 12 எம்.எம். இரும்புக்கு 8 எம்.எம். ஃபைபர் போதும்னு கடையில சொல்றாங்க. வீடு முழுக்க அதையே போடலாமா? பில்லருக்கு ஏற்கெனவே கட்டி நிறுத்தின இரும்புக் கம்பி துருவேறிச் செம்பிச்சுப் போச்சு, அதை என்ன செய்யணும்?"

துருப்பிடிக்காதுங்கறது உண்மைதான். கண்ணாடி இழையை ரெசின்ல தோய்ச்சு இழுத்துச் செய்யற கம்பி அது, உப்புக்கு அங்க வேலையே இல்லை. எடையும் இரும்புல கால் பங்குதான். இந்தியத் தர நிர்ணயமே 2023ல வந்தாச்சு, ஐ.எஸ். 18256. அதனால போலிச் சரக்குன்னு தள்ளிவிட முடியாது. அந்த "8 போதும்"ங்கற பேச்சைத்தான் நம்பாதீங்க.

கணக்குப் போட்டுப் பாருங்க. 12 எம்.எம். கம்பியோட குறுக்குப் பரப்பு 113 சதுர மில்லிமீட்டர். 8 எம்.எம்.க்கு 50. அறுந்து போற பலத்தை மட்டும் பார்த்தா ஃபைபருக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன் கூட வரும், இரும்புக்கு 500. அதுல ரெண்டும் கிட்டத்தட்டச் சமமாயிரும். கடைக்காரர் காட்டுறது இந்தக் கணக்கைத்தான். ஆனா கம்பி இழுபடாம பிடிச்சு நிக்கணுமே. அந்த விறைப்பு இரும்புக்கு 200 ஜிகா பாஸ்கல், ஃபைபருக்கு ஏறக்குறைய 50. பரப்பையும் சேர்த்துப் பெருக்கினா 12க்குப் பதில் போட்ட 8 எம்.எம். கம்பிக்கு ஒன்பதுல ஒரு பங்கு விறைப்புதான் இருக்கும். வார்ப்பு இடிஞ்சு விழாட்டாலும் நடுவுல தொய்யும், அடியில விரிசல் அகலமா விடும். மழைக்காலத்துல அதுவழியா ஒழுக்கு. இரும்புக்குச் சமமான விறைப்பு வேணும்னா நாலு மடங்கு பரப்பு வேணும், அதாவது 10 எம்.எம். இடத்துல 20 எம்.எம். அப்போ விலை எங்க போகும்னு நீங்களே பார்த்துக்கோங்க.

அடுத்தது வளைவு. கம்பிகளைச் சுத்திக் கட்டுற ரிங், நுனியில போடற எல் வளைவு, நடுவுல சாய்ச்சு மடிக்கிற கிராங்க், எதையும் சைட்ல வளைக்க முடியாது. ரெசின் ஒருதடவை இறுகினா இறுகினதுதான், சூடுகாட்டி வளைச்சா இழை முறியும். ஃபேக்டரியில வளைச்சே வாங்கணும், அப்பவும் வளைவுல பலம் பாதிக்குப் பக்கமா குறையும். இரும்பு அறும் முன்னாடி நல்லா நீளும். ஃபைபர் ரெண்டு சதவீதம் போல நீண்டதுமே பட்டுன்னு போயிரும். தீப்பிடிச்சா 100, 120 டிகிரியிலயே ரெசின் இளகத் தொடங்கும். அதனால பில்லர், பீம், மேல்வார்ப்புக்கு இரும்பே போடுங்க.

தரைக்கு அடியில மண்ணுமேல போடற கான்கிரீட், கார் நிக்கிற முற்றம், இங்க தாராளமா ஃபைபர் போடலாம். ஃபைபர் கம்பி கான்கிரீட்டை விட எடை குறைவு, வைப்ரேட்டர் விட்டதும் மேல மிதந்து வரும், அதனால கீழ இழுத்துக் கட்டி வைக்கணும். கம்பி வெட்டுற கட்டர் வேண்டாம், அது நுனியை நசுக்கிரும். கிரைண்டர்ல டைமண்ட் பிளேடு போட்டு வெட்டுங்க. மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம், அந்தத் தூள் லேசான சமாசாரம் இல்லை. வெயில்ல போட்டு வைக்காம தார்ப்பாய் மூடுங்க.

ஒரு விஷயம் இடையில. கன்னியாகுமரியில 2024 டிசம்பர்ல திறந்த 77 மீட்டர் பாலத்தை "கண்ணாடி இழைப் பாலம்"னு சொல்லிச் சொல்லி, அதுவே ஃபைபர் கம்பிக்குச் சான்றுன்னு சிலர் பேசுறாங்க. அதைத் தாங்குறது இரும்பு வில், கண்ணாடி நடக்கிற தளத்துல ஒரு பகுதி மட்டும்.

சரி, இரும்புன்னா எப்படிக் காப்பாத்துறது? உப்பு கான்கிரீட் வழியாத்தான் கம்பிக்குப் போகணும். போய்ச் சேர எடுக்கிற காலம் தோராயமா கவரோட, அதாவது கம்பியை மூடியிருக்கிற கான்கிரீட் தடிமனோட, இருமடிக்கு ஏத்தபடி கூடும். 20 எம்.எம். கவரை 45 ஆக்கினா ரெண்டே கால் மடங்கு தடிமன், காலம் அஞ்சு மடங்கு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கடற்கரைக் காத்து படற இடத்துக்குச் சொல்றதும் அதே 45தான். கூடவே எம்30ங்கற பலத்துக்கான கலவை, கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்டுக்குக் குறையக் கூடாது, தண்ணி சிமெண்ட் எடையில 0.45 பங்குக்கு மேல போகக் கூடாது. 50 கிலோ மூட்டை ஒண்ணுக்கு 22.5 லிட்டர், மணல்ல இருக்கிற ஈரமும் இதுல சேர்த்தி. கலவை இறுகலா இருக்குன்னு கொத்தனார் ஒரு வாளி தண்ணி ஊத்தினா அத்தனையும் வீண், அதுக்குப் பதிலா தண்ணி கூட்டாம கலவையை இளக்குற பிளாஸ்டிசைசர் வாங்கிக் குடுங்க. சிமெண்டுல, இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்ட் நல்லது, உப்பு ஊடுருவுறதைக் குறைக்கும்.

முன்னாடி 20 கவருக்கு வரைஞ்ச 125 எம்.எம். தடிமன் வார்ப்புலயே 45 கவர் வைக்காதீங்க, கம்பி மேல ஏறி பலம் குறையும். தடிமனைக் கூட்டி வரையச் சொல்லி இன்ஜினியர்கிட்ட கேளுங்க. கவர் பிளாக்கும் அதே கலவையில செஞ்சதா இருக்கணும், ஓட்டுத் துண்டு வேண்டாம்.

கலவைத் தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும். லேப்ல பார்த்துருங்க. நல்ல தண்ணியில கலந்துட்டு, இறுகின கான்கிரீட்டை நனைக்கிறதுக்குக் கிணத்து உப்புத்தண்ணியை அடிக்கிறது கடற்கரையில நடக்கிற பெரிய தப்பு.

கடைசியா அந்தச் செம்பிச்ச கம்பி. கையால தேய்ச்சா தூளா வர்றது சும்மா மேல்துரு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, நல்ல தண்ணியில உப்பைக் கழுவிவிட்டு, வார்ப்புப் போடுங்க. செதிலா உரிஞ்சாலோ குழி விழுந்திருந்தாலோ ஒரு துண்டு வெட்டி எடை போடணும். 12 எம்.எம். கம்பி ஒரு மீட்டருக்கு 888 கிராம் இருக்கணும். 835க்குக் கீழ போனா அதை வெட்டி எடுத்துட்டுப் புதுக்கம்பி இணைச்சுக்குங்க. மாடிக்காக விட்டு வைக்கிற கம்பி நுனிகளுக்கு சிமெண்ட் பால் பூசி, பிளாஸ்டிக் பை மாட்டிக் கட்டி வையுங்க.