பட்டாளத்துத் தாத்தாவின் டிரங்குப் பெட்டி

நேயர்களுக்கு வணக்கம். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், 'மிலிட்டரிக்காரர் வீடு' எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். பதினைந்து, இருபது வருஷம் சர்வீஸ். மிச்ச ஆயுசெல்லாம் இதே ஊரில் தேயிலையும் கேரட்டும். 1971 போருக்கு இருபது வயசில் போனவர் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார். போரைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். அவருடைய டிரங்குப் பெட்டி பேசும்.

மெடலை எடுத்துப் பாருங்கள். பூர்வி ஸ்டார் என்றால் 1971-ல் கிழக்கு முனையில், வங்கதேசப் பக்கம் இருந்தவர். பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு முனை. 1965 போருக்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். விளிம்பையோ பின்பக்கத்தையோ வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பொடி எழுத்தில் சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர் தெரியும். பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம் தொலைந்த வீட்டில் இந்த நம்பர்தான் பிடிமானம். இதையறியாமல் பேரப்பிள்ளைகள் பளபளப்பாக்குகிறோம் என்று பாலிஷ் போட்டுத் தேய்க்கிறார்கள். எழுத்தும் சேர்ந்து தேய்கிறது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் நம் மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். இழுத்துப் பிரிக்காதீர்கள்; நிழலில் உலரவிட்டுப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துவையுங்கள்.

அடுத்து, மனைவியின் பெயர். பெரிய சிக்கல் இங்கேதான். பழைய பென்ஷன் ஆணை சிலவற்றில் மனைவி பெயரே இருக்காது. இருந்தாலும் அதில் 'லட்சுமி', ஆதாரில் 'லட்சுமியம்மாள்'. பிறந்த வருஷமும் ஒத்துப்போகாது. பெரியவர் இருக்கும்போதே அவர் கையெழுத்துடன் விண்ணப்பித்தால் திருத்துவது எளிது. அவர் போன பிறகு, குடும்ப பென்ஷனுக்காக அந்த அம்மா பிரமாணப் பத்திரமும் கையுமாக அலைய வேண்டும். விண்ணப்பம் போக வேண்டியது அவருடைய சர்வீஸ் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரருக்கு அது குன்னூர் பக்கத்து வெலிங்டனிலேயே இருக்கிறது, பஸ் ஏறிப் போய்விடலாம். சிக்னல்ஸ், அதாவது தகவல் தொடர்புப் பிரிவு என்றால் ஜபல்பூர், பதிவுத் தபால்தான். வழி புரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

பிறந்த தேதியையும் சரிபாருங்கள். 80 வயது நிறைந்தால் அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடும். 85-ல் அது 30 சதவீதம். புத்தகத்தில் வருஷம் மட்டும் இருந்து, ஆதாரில் வேறு தேதி இருந்தால் அந்த உயர்வு தள்ளிப்போகும்.

கடைசியாக, வாழ்நாள் சான்று. பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷாவருஷம் நவம்பரில் கொடுப்பது. அந்த மாதம் நமக்கு மழையும் மண்சரிவும். 2009 நவம்பரை யாரும் மறந்திருக்க முடியாது. 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாம். மண்வெட்டி பிடித்த கையில் ரேகை தேய்ந்திருக்கும், குளிரில் தோலும் வறண்டிருக்கும், மெஷின் ஏற்காது. வெதுவெதுப்பான நீரில் கை கழுவித் துடைத்து, வேறு விரலை வைத்துப் பாருங்கள். அதுவும் ஆகாவிட்டால் செல்போனில் முகப் பதிவு. ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்து, கம்பளிக் குல்லாயைக் கழற்றச் சொல்லுங்கள். அதற்கு அவரைச் சம்மதிக்க வைப்பதுதான் உங்கள் பாடு. வணக்கம்.