லேன் போர்ட் போய்விட்டது என்று சொன்ன லேப்டாப்

வணக்கம். இந்த லேப்டாப் என் அக்காவுடையது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ரவுட்டர் கீழே ஹாலில், அவள் அறை மாடியில், நடுவில் கான்கிரீட் தளம், வைஃபை அங்கே இழுத்துக்கொண்டுதான் வரும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் சுவரில் பைப் வழியாக லேன் கேபிள் இழுத்தோம். போன வாரம் அதுவும் நின்றுவிட்டது. ஒரு கடையில் காட்டினோம், லேன் போர்ட், அதாவது லேப்டாப்பில் கேபிள் சொருகும் துளை, போய்விட்டது, மதர்போர்டு மாற்ற வேண்டும் என்றார்கள். போர்ட் போகவில்லை. இப்படி ஒரு பதிலைக் கேட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தயாராகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை, அதற்காகத்தான் இந்த வீடியோ.

முதலில் வைஃபையை ஆஃப் செய்துவிடுங்கள், இல்லையென்றால் எது வழியாக நெட் வருகிறது என்றே தெரியாது. அப்புறம் விண்டோஸுக்குள் போகாமல் லைட்டைப் பாருங்கள். கேபிள் சொருகும் இடத்தில் சின்னதாக ஒரு பச்சையோ மஞ்சளோ எரியும். சில லேப்டாப்பில் அது இருக்காது, அப்போது ரவுட்டர் பக்கம் பாருங்கள். கேபிளின் இரண்டு முனையும் ஒன்றையொன்று உணர்ந்தால்தான் அந்த லைட் வரும். மாடிக் கேபிளைச் சொருகினேன், லைட் இல்லை. லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்து, ரவுட்டர் பெட்டியோடு வந்த சின்ன கேபிளைச் சொருகினேன், லைட் எரிந்தது. அப்படியென்றால் போர்ட் உயிரோடுதான் இருக்கிறது.

ஆனால் லைட் எரிந்தும் நெட் வரவில்லை. எல்லாரும் ஏமாந்தது இந்த இடத்தில்தான். அக்காவும் வேறு கேபிள் போட்டுப் பார்த்திருக்கிறாள், கடையிலும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், கேபிளை மாற்றியும் வரவில்லை என்றால் போர்ட்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் கோளாறு இரண்டு, ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நின்றது. லைட் வருகிறதா என்பது ஒரு கேள்வி, ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் லேப்டாப்புக்கு உள்ள எண், சரியா என்பது வேறு கேள்வி, இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

சரி, முகவரியைப் பார்ப்போம். விண்டோஸில் கட்டளை அடிக்கும் திரையான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள். எங்கள் ரவுட்டர் 192.168.1.1. இந்த லேப்டாப் காட்டியது 192.168.0.50. மூன்றாவது எண்ணே வேறு, பிறகு எப்படி ரவுட்டரோடு பேசும்? இது ரவுட்டர் கொடுத்த எண் இல்லை, கையால் போட்டது. அக்காவிடம் கேட்டேன். நெட் நின்ற அன்றைக்கு ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து எண்களை அடித்ததாகச் சொன்னாள். விண்டோஸ் விசையும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தி, என்சிபிஏ டாட் சிபிஎல் (ncpa.cpl) என்று அடித்தால் நெட்வொர்க் பட்டியல் வரும். அதில் கேபிள் இணைப்பான ஈதர்நெட்டை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ், அதில் ஐபி வெர்ஷன் 4, தானாக முகவரி எடுத்துக்கொள்ளும் ஆப்ஷன். அவ்வளவுதான், 192.168.1.7 வந்தது, நெட்டும் வந்தது.

உங்களுக்கு 169.254 என்று தொடங்கும் எண் வந்தால் அது வேறு கதை. லேப்டாப் முகவரி கேட்டிருக்கிறது, யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது. ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள், அதன் வேறு போர்ட்டில் சொருகிப் பாருங்கள். நெட்வொர்க் ரீசெட் பட்டனில் மட்டும் எடுத்தவுடன் கை வைக்காதீர்கள். அது எல்லா நெட்வொர்க் அடாப்டரையும் நீக்கித் திரும்பப் போடும், ஆஃபீஸ் நெட்வொர்க்கோடு வீட்டிலிருந்து இணைக்கும் விபிஎன் வைத்திருப்பவர்கள் அதைத் திரும்ப அமைக்க வேண்டி வரலாம்.

இனி மாடிக் கேபிள். இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். கதவுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்த முனை இது. கனெக்டர் கழுத்தில் உறையை மெதுவாகக் கீறினேன், ஆரஞ்சு கம்பி பிளாஸ்டிக்குக்குள்ளேயே துண்டாகியிருக்கிறது, வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே 8 கம்பி, 4 ஜோடி. ஆரஞ்சு ஜோடி போனால் லைட்டே வராது. நீலமோ பழுப்போ போனால் பல நேரம் லைட் வரும், ஆனால் வேகம் 1000 எம்பிபிஎஸ் வர வேண்டிய இடத்தில் 100-தான் காட்டும்.

அந்த முனையை வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போட்டேன். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது பாருங்கள், அதில்தான் நிறையப் பேருக்குத் தவறுகிறது. ஜோடிக் கம்பிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளி உறையும் கனெக்டருக்குள் போய்க் கிளிப்புக்கு அடியில் மாட்ட வேண்டும், இல்லையென்றால் இழுக்கிற பாரமெல்லாம் கம்பி மேல் வரும். கனெக்டரைக் கருவியால் அழுத்தி கிரிம்ப் செய்து சொருகினேன், மாடியிலும் லைட் வந்துவிட்டது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. வெட்டிய கம்பியைப் பிளேடால் சுரண்டினேன், மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக இருக்கிறது. இது அலுமினியக் கம்பி, செம்புப் பூச்சு மட்டும்தான். மடக்கினால் சீக்கிரம் முறியும், திரும்பவும் முறியும். ஞாயிற்றுக்கிழமை முழுச் செம்புக் கம்பியில் கேட் 6 கேபிள் வாங்கி, இந்தப் பழைய கேபிளின் நுனியில் டேப் சுற்றிக் கட்டி, அதையே கயிறாக வைத்துப் பைப் வழியாக இழுக்கப் போகிறேன். அதையும் எடுத்துப் போடுகிறேன், பாருங்கள்.