லிஸ்பனை நடந்து பார்ப்போம்: 1755-ல் விழுந்ததும் நின்றதும்

[காட்சி: தேவாலயத்தின் உள்ளே நின்று மேல்நோக்கிப் பார்க்கும் கேமரா]

கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். தூண்கள் இருக்கின்றன, கல் வளைவுகள் இருக்கின்றன, கூரை மட்டும் இல்லை. மழை வந்தால் தேவாலயத்துக்கு உள்ளேயே பெய்யும். இது போர்ச்சுகல்லின் தலைநகரான லிஸ்பனில் உள்ள கார்மு மடம். 1389-ல் தொடங்கிய மடம். 1755 நவம்பர் 1-ஆம் தேதி காலையில் கூரை இடிந்து விழுந்தது.

லிஸ்பனுக்கு வந்த முதல் இரண்டு நாள் நான் எல்லோரையும்போலத்தான் சுற்றினேன். மஞ்சள் டிராம், முட்டை டார்ட், நீலப் பூ ஓடுகள். எல்லாம் அழகுதான். ஆனால் ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை. ஒரு தெரு நூல் பிடித்ததுபோல் நேராக ஓடுகிறது. அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் எதிரே ஆள் வந்தாலே தோள் இடிக்கும் சந்து. ஒரே ஊருக்குள் எப்படி இந்த இரண்டும்? விடை அந்தத் தேதியில் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சுற்றைக் கார்முவில் தொடங்குகிறேன்.

அன்று சகல புனிதர்கள் திருநாள். காலை ஒன்பதரை மணி தாண்டியிருந்தது. தேவாலயங்கள் நிரம்பி வழிந்தன, பீடமெங்கும் மெழுகுவர்த்திகள். அந்த நேரத்தில் பூமி ஆடியது. இடிபாடுகளுக்குத் தப்பியவர்கள் திறந்தவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். தேஜு ஆறு கடலில் கலக்கும் இடம் அது. தண்ணீர் உள்வாங்கியது. பிறகு அலையாகத் திரும்பி வந்தது. 2004 டிசம்பரைப் பார்த்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சாய்ந்த மெழுகுவர்த்திகளும் எரிந்துகொண்டிருந்த அடுப்புகளும் மூட்டிய தீ நாள்கணக்கில் எரிந்தது. செத்தவர்கள் பல்லாயிரம்.

அரச குடும்பம் அன்று நகருக்கு வெளியே பெலெமில் இருந்ததால் உயிர் தப்பியது. ஆனால் முதலாம் ஜோசே அரசருக்கு அதற்குப் பிறகு கல் கூரைக்குக் கீழே தூங்கும் தைரியமே வரவில்லை. குன்றின்மேல் மரத்தாலான அரண்மனையில்தான் மீதிக் காலத்தைக் கழித்தார்.

கார்முவை மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள். வேலை இழுத்துக்கொண்டே போனது. 1834-ல் நாட்டிலுள்ள ஆண் துறவிகளின் மடங்களை எல்லாம் அரசு கலைத்தபோது அப்படியே நின்றுபோனது. இந்த 1834-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், டார்ட் சாப்பிடும்போது மறுபடி வரும்.

வெளியே வந்தால் நிழல் மரங்கள் சூழ்ந்த ஒரு சிறு சதுக்கம். 1974 ஏப்ரல் 25 அன்று, பல பத்தாண்டு சர்வாதிகாரத்தின் கடைசிப் பிரதமர் மார்செலு கயித்தானு சரணடைந்தது இந்தச் சதுக்கத்தில் உள்ள படைமுகாமில்தான். துப்பாக்கிக் குழல்களில் மக்கள் சிவப்பு கார்னேஷன் பூக்களைச் செருகிய புரட்சி அது. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பீக்கா குடியுங்கள். லிஸ்பன்காரர்கள் எஸ்பிரெசோவை அப்படித்தான் கேட்பார்கள்.

[காட்சி: மேலிருந்து பைஷா பகுதியின் நேர்த் தெருக்கள்]

சரி, இறங்குவோம். கீழே இருப்பது பைஷா, அந்த நேர்த் தெருக்களின் பகுதி. அழிந்த நகரத்தை மறுபடி எழுப்பும் பொறுப்பு அரசரின் அமைச்சரிடம் வந்தது. பின்னாளில் பொம்பால் பிரபு என்று பெயர் பெற்றவர் அவர். பழைய சந்துகளைத் திரும்பக் கட்ட அவர் விரும்பவில்லை. இடிபாட்டைச் சமன்செய்து கட்டம் கட்டமாகத் தெரு போட்டார். தொழிலுக்கு ஒரு தெரு: தங்கத் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்போர் தெரு. அந்தப் பெயர்கள் இன்றும் சுவரில் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. இந்தக் கட்டடங்களின் சுவருக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து ஒரு கூண்டு வைத்திருக்கிறார்கள். பெயரே கயோலா, அதாவது கூண்டு. பூமி ஆடினால் கல் உதிரலாம், மரக்கூண்டு வளைந்து கொடுத்து நிற்கும். மாதிரி ஒன்றைக் கட்டி, அதைச் சுற்றிப் படைவீரர்களை மிதித்து நடக்கவிட்டுச் சோதித்ததாகச் சொல்கிறார்கள். நிலநடுக்கத்தை எண்ணி ஒரு நகரப் பகுதியையே இப்படிக் கட்டியது ஐரோப்பாவில் முன்னோடியான வேலை. கூடவே பொம்பால் ஒவ்வொரு பங்குக்கும், அதாவது ஒரு பாதிரியாரின் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு பகுதிக்கும், ஒரு கேள்விப்பட்டியல் அனுப்பினார். எவ்வளவு நேரம் ஆடியது? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? எத்தனை வீடு விழுந்தது? இது கடவுளின் தண்டனை என்று பலர் பிரசங்கம் செய்துகொண்டிருந்த நேரத்தில் ஓர் அரசு இப்படிக் கேட்டது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

தெருவின் கோடியில் வளைவு. அதைத் தாண்டினால் ஆற்றைப் பார்த்துத் திறந்திருக்கும் பெரிய சதுக்கம். அரண்மனை இருந்த இடம் இது. இந்திய வணிகத்தை நடத்திய ‘காசா தா இந்தியா’வும் இங்கேதான் இருந்தது. அலை வந்த இடமும் இதுதான்.

அப்புறம், பைஷாவில் ஒரு வங்கிக் கட்டடத்தின் அடியில் ரோமானியர் காலத்து மீன் உப்புத் தொட்டிகள் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனால் இந்த ஊருக்கும் உப்பு மீனுக்கும் எத்தனை காலத்துப் பழக்கம் என்பது புரியும்.

[காட்சி: கடை வாசலில் அடுக்கிய காய்ந்த காட் மீன்கள்]

பாக்கல்யாவ், அதாவது உப்பிட்டு உலர்த்திய காட் மீன். பார்க்க விறகுக் கட்டை மாதிரி இருக்கும். வாசம் நம் கருவாட்டுக் கடையை நினைவூட்டும். வேடிக்கை என்னவென்றால், இது போர்ச்சுகல் கரையில் கிடைக்கும் மீனே அல்ல. வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த தண்ணீரில் பிடிபடுவது. உப்பு போக ஒன்றிரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதல்முறை சாப்பிடுபவர்கள் ‘பாக்கல்யாவ் ஆ பிராஸ்’ கேளுங்கள். மீனை நார் நாராகப் பிய்த்து, மெல்லிய உருளைக்கிழங்கு வறுவலோடும் வெங்காயத்தோடும் முட்டை ஊற்றிக் கிளறியது. நம் நாக்குக்கு உடனே பிடிக்கும், கூட ஒரு பச்சை மிளகாய் இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றும்.

ஒரு விஷயம். உட்கார்ந்ததும் நீங்கள் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி எல்லாம் மேசைக்கு வரும். அது இலவசம் இல்லை, தொட்டால் காசு. வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் ‘கால்து வெர்து’ என்ற கீரைச் சூப்பை நம்பிவிடாதீர்கள், அதில் பெரும்பாலும் ஒரு துண்டு பன்றி இறைச்சித் தொத்திறைச்சி மிதக்கும். சிற்றுண்டிக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் முக்கோணமாக ஒன்று இருக்கும். பெயர் ஷமூசா. ஆமாம், சமோசாதான். கோவா வழியாக வந்து இந்த ஊர்ப் பலகாரமாகிவிட்டது.

ரொட்டிக்கு அவர்கள் சொல்லும் பெயரைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்: பாவ். ஈழத்தில் பாண் என்பது இதிலிருந்துதான். நான் தங்கிய வீட்டில் அம்மா ஒருவர் அறையைக் காட்டினார். ‘ஷாவ்’ என்று சாவியைக் கொடுத்தார், ‘ஜனேலா’ என்று ஜன்னலைத் திறந்தார், ‘மேஸா’ என்று மேசையைத் தட்டினார், ‘துவால்யா’ என்று துவாலையை நீட்டினார். எனக்குப் போர்ச்சுகீசு தெரியாது. ஆனாலும் எல்லாம் புரிந்தது. நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்த சொற்கள் நம் வீட்டுச் சாமான்களாகவே ஆகிவிட்டன.

ரோசியுச் சதுக்கத்தின் பக்கத்தில் சாவ் தொமிங்குஷ் தேவாலயம். உள்ளே போனால் பேச்சு தானாக நின்றுவிடும். 1959-ல் இது தீப்பிடித்தது. சரிசெய்தவர்கள் கருகி வெடித்த தூண்களுக்குப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். வாசலில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1506-ல் யூதர்களாக இருந்து கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கப்பட்டவர்களை இங்கே கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். அந்தக் கல்லைப் படிக்காமல் பலர் நேரே எதிரிலுள்ள சின்னக் கடைக்கு ஜிஞ்சா என்ற புளிப்புச் செர்ரி மது குடிக்கப் போகிறார்கள். இரண்டு நிமிடம் நின்று படித்துவிட்டுப் போகலாம்.

[காட்சி: அல்ஃபாமாவின் படிக்கட்டுச் சந்துகள், துணி காயும் ஜன்னல்கள்]

இனி ஏற்றம். அல்ஃபாமா. நிலநடுக்கத்தில் பெருமளவு தப்பிய பகுதி இது. அதனால்தான் இங்கே அந்தப் பழைய சந்துகள். பெயர் அரபுச் சொல், வெந்நீர் ஊற்றைக் குறிப்பது. 1147-ல் அஃபோன்சு என்ரிக் அரசர் பிடிக்கும்வரை இது முஸ்லிம்களின் ஊர். 28-ஆம் எண் டிராம் இந்த வளைவுகளில் சுவரை உரசுவதுபோல் ஏறும். 1930-களில் செய்த பெட்டிகள். ஏற விரும்பினால் விடிகாலையில் ஏறுங்கள், கூட்ட நேரத்தில் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் நடையே மேல். சுண்ணாம்புக் கல் பதித்த பாதை மழையில் வழுக்கும் என்பதால் நல்ல பிடிப்புள்ள செருப்பு வேண்டும்.

ஏற்றத்தின் பாதியில் பேராலயம். அதன் அருகே சிறியதாக ஒரு கோயில், புனித அந்தோணியாருடையது. பதுவை அந்தோணியார் என்றும் கோடி அற்புதர் என்றும் நம் ஊரில் வேண்டிக்கொள்கிறோமே, அவர் பிறந்தது இத்தாலியின் பதுவையில் அல்ல, இங்கே லிஸ்பனில். அவர் பிறந்த வீட்டின் இடம் என்று நம்பப்படும் அறைக்குக் கீழே இறங்கிப் போகலாம். 1755-க்குப் பிறகு இந்தக் கோயிலை எழுப்பத் தெருப்பிள்ளைகள் ‘அந்தோணியாருக்கு ஒரு காசு’ என்று கேட்டு வசூலித்தார்கள்.

முடிந்தால் ஜூன் 12 இரவில் இங்கே இருங்கள். அவருடைய திருநாளுக்கு முந்தைய இரவு. சந்துக்குச் சந்து அடுப்பு, கரியில் வாட்டும் மத்தி மீன், புகை, பாட்டு. மீனை ரொட்டித் துண்டின்மேல் வைத்துத் தருவார்கள். கையால் பிய்த்துத்தான் தின்ன வேண்டும். மஞ்சரிக்கு என்ற சின்னச் செடித் தொட்டி விற்பார்கள், நம் துளசிக்குச் சொந்தக்காரச் செடி. மூக்கை வைத்து முகரக் கூடாது, உள்ளங்கையால் தடவிக் கையை முகர வேண்டும் என்பது வழக்கம்.

மற்ற இரவுகளில் அல்ஃபாமாவில் ஃபாது என்ற போர்ச்சுகீசியச் சோகப் பாட்டைக் கேட்கலாம். பாட ஆரம்பிக்கும்போது விளக்கைக் குறைப்பார்கள். பாடகர் ஒருவர், கூடவே பன்னிரண்டு தந்தி கொண்ட போர்ச்சுகீசியக் கிடார். அப்போது முள்கரண்டிச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. சொல் புரியாவிட்டாலும் பாடுபவரின் கழுத்து நரம்பைப் பார்த்தாலே துக்கம் புரிந்துவிடும்.

நிலநடுக்கத்துக்கு முந்தைய லிஸ்பனைப் பார்க்க ஆசையா? ஓடுகளுக்கென்றே உள்ள அசுலேஜு அருங்காட்சியகத்தில், 1700 வாக்கில் தீட்டிய நகரக் காட்சி சுமார் 23 மீட்டர் நீளத்துக்கு நீல ஓடுகளில் இருக்கிறது. இடிந்த அரண்மனை அதில் இன்னும் நிற்கிறது. திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

[காட்சி: 15-ஆம் எண் டிராம், பிறகு ஜெரோனிமுஸ் மடத்தின் முகப்பு]

பெலெமுக்கு 15-ஆம் எண் டிராம். ஜெரோனிமுஸ் மடம் அசைந்தும் விழாமல் நின்றது. தூண்களில் கயிறும் கொடியும் கடற்பொருள்களுமாகக் கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள். இதைக் கட்டிய பணத்தில் பெரும்பகுதி ஆப்பிரிக்க, ஆசிய வணிகத்தின்மேல் போட்ட வரி. அதில் நம் கரையோர மிளகும் உண்டு. உள்ளே வாஸ்கோ ட காமாவின் கல்லறை. எல்லோரும் படம் எடுக்கிறார்கள். 1502-ல் மக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர்களைப் பெண்கள் குழந்தைகளோடு கப்பலிலேயே வைத்து எரித்தவரும் அவர்தான் என்பது எனக்கு அங்கே நிற்கும்போது மறக்கவில்லை.

இதே ஆலயத்தில் மூன்றாம் ஜுவாவ் அரசரும் அடக்கம். அவர் காலத்தில், 1554-ல், இந்த லிஸ்பனில்தான் தமிழ் முதன்முதலில் அச்சேறியது. ‘கார்த்தில்யா’ என்ற சிறு ஞானோபதேச நூல். எழுத்து ரோமன், மொழி தமிழ். தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சாக 1578 ஆனது.

வெளியே வந்ததும் நீல ஓடு பதித்த கடையில் வரிசை. 1834-ல் மடம் மூடப்பட்டதும் துறவிகளின் பலகாரக் குறிப்பு கைமாறியது. 1837-லிருந்து இங்கே சுடுகிறார்கள். துணிக்குக் கஞ்சி போட முட்டையின் வெள்ளைக்கரு தேவைப்பட்டதாம், மிஞ்சிய மஞ்சள்கருதான் இந்த இனிப்பானது என்கிறார்கள். இந்தக் கடையில் செய்வதுதான் ‘பஷ்தேல் தெ பெலெம்’. மற்ற எல்லாக் கடையிலும் அது ‘பஷ்தேல் தெ நாத்தா’. ஓடு நொறுங்க வேண்டும், உள்ளே சூடாக இருக்க வேண்டும். மேலே லவங்கப்பட்டைத் தூள் தூவிக்கொள்ளுங்கள்.

மாலையில் காய்ஸ் து சொத்ரே துறையிலிருந்து அக்கரையில் உள்ள கசில்யாஷுக்குப் படகு. பத்து நிமிடப் பயணம். சுற்றுலாப் படகு அல்ல, வேலை முடிந்து வீடு திரும்புபவர்கள் ஏறுவது. பின்பக்கம் நின்று திரும்பிப் பாருங்கள். வலது குன்றில் அல்ஃபாமாவின் ஒழுங்கில்லாத கூரைகள், நடுவில் பைஷாவின் நேர்க்கோடு, இடது மேட்டில் கூரையில்லாத கார்மு. அக்கரையில் வறுத்த மீன் நன்றாக இருக்கும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.