எலியட் ஸ்மித்தின் வலிமை ராக் குழுவிலா, தனிக் கிடாரிலா? தனிக் கிடாரில்தான்!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

நாம் பேசுவது அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர் எலியட் ஸ்மித்தைப் பற்றி. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "ஹீட்மைசர் ராக் குழுவில் டிரம்ஸும் பேஸும் எலெக்ட்ரிக் கிடாரும் முழங்கப் பாடிய எலியட் ஸ்மித், தனியாக வந்ததும் சுருங்கிவிட்டார். முணுமுணுக்க என்ன உழைப்பு வேண்டும்?" என்று கேட்டார்.

ஐயா, அந்த முணுமுணுப்பில்தான் உழைப்பே இருக்கிறது!

1993-இல் வந்த ஹீட்மைசரின் 'டெட் ஏர்' தொகுப்பைக் கேளுங்கள். டிஸ்டார்ஷன் ஏற்றிக் கரகரக்கும் கிடார், குரல் நிற்கும் அதே இடை அதிர்வெண்களில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாடுகிறவருக்கு மிஞ்சும் வழி கத்துவதுதான். கத்தினால் மெய்யெழுத்து தேயும், சொல் கரையும். சொல்லையும் மெட்டின் நுண்ணிய திருப்பத்தையும் நம்பிப் பாட்டெழுதிய மனிதருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு!

அடுத்த ஆண்டே அவருடைய முதல் தனித் தொகுப்பு 'ரோமன் கேண்டில்' வந்தது. போர்ட்லாந்தில் ஒரு வீட்டின் நிலவறையில், நாலு டிராக் ரெக்கார்டரில், அதாவது நாலு ஒலித்தடம் மட்டுமே கொண்ட டேப் கருவியில், பதிவானது. ஒன்பதே உருப்படிகள், அரைமணி நேரம். அதில் நான்கு பாட்டுக்குப் பெயர்கூட வைக்கவில்லை, எண் மட்டும்தான்.

நாலு டிராக் என்றால் என்ன கணக்கு? கிடாருக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று, அதே வரியை மறுபடி பாடிச் சேர்க்க ஒன்று. மிச்சம் ஒன்றுதான். அதற்குமேல் வேண்டுமென்றால் மூன்றையும் கலந்து நான்காவதில் இறக்க வேண்டும். இறக்கிய பிறகு கிடாரை மட்டும் குறைக்க முடியாது. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் டேப் இரைச்சலும் கூடும். உரத்த ராக்கில் அது மறைந்துபோகும். தனிக் கிடாரில் இரண்டு சொல்லுக்கு நடுவே காட்டிக்கொடுத்துவிடும்.

குரலை இரட்டிப்பது அவர் கைமுத்திரை. மைக்குக்கு நாலு விரற்கடை தூரத்தில் மெல்லப் பாடினால் குரலின் அடிப்பகுதி தடித்து, காதோரம் பேசுவதுபோல் விழும். ஆனால் 'ப' ஒலி வந்தால் காற்று மோதி 'டொப்' என்று கேட்கும். மைக்கைச் சற்றே பக்கவாட்டில் திருப்ப வேண்டும். இரண்டாம் முறை பாடும்போது மூச்சு எடுக்கும் இடமும் சொல்லின் கடைசி 'ஸ்', 'ட்' ஒலியும் முதல் பதிவோடு பொருந்த வேண்டும். பிந்தினால் ஒரே 'ஸ்' இரண்டு தரம் கேட்கும். அதற்காக அச்சு அசலாகவும் இருக்கக் கூடாது. மயிரிழை வேறுபாடு இருந்தால்தான் குரலுக்கு அகலம் வரும். எத்தனை நிதானம் வேண்டும் இதற்கு!

குழுவில் கற்றது வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. 1997-இல் 'ஐதர்/ஆர்' என்ற தனித் தொகுப்புக்கு டிரம்ஸையும் பேஸையும் அவரே வாசித்தார்.

"1998-இல் அவருடைய 'எக்ஸ்ஓ' தொகுப்பில் பியானோ, டிரம்ஸ் எல்லாம் திரும்பி வந்ததே" என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். வந்தன, குரலுக்கு இடம் விட்டு வந்தன. அதன் முதல் பாட்டே கிடாரும் குரலுமாகத் தொடங்கி, பாதிவழியில்தான் மற்ற வாத்தியங்களைச் சேர்த்துக்கொள்கிறது.

எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி. 1996-இல் ஹீட்மைசரின் கடைசித் தொகுப்பு 'மிக் சிட்டி சன்ஸ்' வந்தது. அதில் கத்தல் அடங்கி, மெட்டு மேலெழுந்து நிற்கிறது. குழுதான் அவரை வளர்த்தது என்றால், அந்தக் குழுவே கடைசியில் ஏன் அவருடைய தனிக் கிடார் பக்கம் சாய்ந்தது? பதில் சொல்லட்டும்.