நன்றியை யாருக்குச் சொல்வது?

அவையோருக்கு வணக்கம்.

வெளிநாடு போய் வந்தவர்கள் இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள்: "அங்கே அந்தச் சனங்க படுற பாட்டைப் பார்த்த பிறகுதான், ஆண்டவன் நம்மள எவ்வளவு நல்லா வெச்சிருக்கான்னு புரிஞ்சுது." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அதோடு நின்றுவிடக் கூடாது என்று சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். அடுத்தவர் துன்பத்தை வைத்து நம் சுகத்தை அளந்து பார்த்தோம், சரி. அதனால் அவருக்கு என்ன கிடைத்தது?

கம்போடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கோர் வாட் பார்க்க நம் ஊரிலிருந்தும் இப்போது நிறையப் பேர் போகிறார்கள். அங்குள்ள சில கோயில்களின் வழியோரத்தில் சிலர் அமர்ந்து இசைத்துக்கொண்டிருப்பார்கள். கால் இழந்தவர்கள், பார்வை இழந்தவர்கள். எல்லாம் கண்ணிவெடி செய்த வேலை. 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் என்ற தீவிரக் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் பதினைந்து லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். படித்தவர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். அந்த ஆட்சி போன பிறகும் உள்நாட்டுப் போர் ஓயவில்லை. அன்று புதைத்த வெடிகளை இன்னும் முழுவதுமாகத் தோண்டி எடுக்க முடியவில்லை. அந்த மக்களின் வறுமையைத் தலையெழுத்து என்று சொல்லாதீர்கள். மனிதர்கள் செய்தது அது.

இரக்கமும் அங்கே கேடு செய்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அநாதை இல்லங்களுக்குப் போனார்கள், குழந்தைகளோடு படம் எடுத்தார்கள், கண் கலங்கிப் பணம் கொடுத்தார்கள். இல்லங்கள் பெருகின. அங்கிருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதை ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் பிறகு சுட்டிக்காட்டியது. நம் நெஞ்சு நெகிழ்வதற்காக ஏழைத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து வைப்பதா? இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதே இல்லை.

அதே நாட்டில்தான் பீட் ரிச்னர் என்ற சுவிஸ் குழந்தை மருத்துவரும் வேலை செய்தார். கெமர் ரூஜ் வருவதற்கு முன்பே தலைநகர் புனோம் பென்னில் பணியாற்றியவர். போர் ஓயத் தொடங்கியதும் திரும்பி வந்து, 1992-இல் காந்தா போபா மருத்துவமனையை மீண்டும் திறந்தார். 1999-இல் அங்கோர் வாட்டுக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் இன்னொன்று. அதற்கு ஏழாம் ஜயவர்மன் பெயர். 102 மருத்துவச் சாலைகள் நடத்தியதாகக் கல்வெட்டு சொல்லும் மன்னன் அவன். இந்த மருத்துவமனைகளில் குழந்தைகளுக்குச் சிகிச்சை இலவசம்.

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அந்த வாசலில் காத்திருக்கும் தாய்மார்களைப் பார்த்தபோது, எனக்கு நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம்தான் கண்முன் வந்தது. தடுப்பூசி போட வீடு தேடி வந்த நர்சம்மா, சத்துணவுக் கூடத்தில் புகையில் நின்று சமைத்த ஆயா, இதெல்லாம் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கிய நம் பாட்டன்மார் தலைமுறை. ஆண்டவனுக்கு நன்றி சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் இவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். இவர்கள் நடத்திய பள்ளியையும் ஆஸ்பத்திரியையும் கெடாமல் காப்பதுதான் நாம் அடைக்க வேண்டிய கடன்.

ரிச்னர் செல்லோ என்ற பெரிய வயலின் போன்ற கருவியை வாசிப்பார். சனிக்கிழமை மாலைகளில் பயணிகளுக்காக வாசித்துவிட்டு, வயதானவர்களிடம் பணம் கேட்பார், இளைஞர்களிடம் ரத்தம் கேட்பார். டெங்கு பரவும் மாதங்களில் அந்த மருத்துவமனைகளுக்கு ரத்தம் அவ்வளவு தேவைப்பட்டது. 2018-இல் அவர் காலமானார், மருத்துவமனைகள் நடக்கின்றன. இந்த அவையில் சியெம் ரீப் போகத் திட்டமிட்டிருப்பவர்கள் அநாதை இல்லங்களுக்குப் போக வேண்டாம். அந்த நேரத்தை இந்த மருத்துவமனைக்குக் கொடுங்கள். என்ன தேவை என்று அங்கேயே கேட்டுச் செய்யுங்கள்.